பொட்டு வைத்த வளையம்

அடுப்பில் சட்டி காய்ந்துகொண்டிருக்கிறது, எண்ணெய் வரமாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. டொலுயீனம்மா கண்ணாடிப் பாட்டிலின் கழுத்தை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதன் தலையிலிருந்த குமிழை மேலே இழுத்தாள். இம்மியும் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை இழுத்தாள். பாட்டில்தான் கூடவே எழும்பி வந்தது, குமிழ் வரவில்லை. சட்டி புகைய ஆரம்பித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, "உனக்கும் என்னைக் கண்டா இளக்காரமாப் போச்சு, இல்ல?" என்று அந்தப் பாட்டிலிடமே கேட்டாள்.

ஊரில் யார் வீட்டு அடுப்படியிலும் இப்படி ஒரு சாமானைப் பார்த்திருக்க முடியாது. ஆய்வகங்களில் பாட்டில் வாயில் திருகி வைக்கிற கைப்பம்ப் அது. குமிழை இழுத்தால் கண்ணாடிக் குழாய்க்குள் திரவம் ஏறும். அழுத்தினால் மூக்கு வழியாக அளந்தபடி இறங்கும். அமிலமும் கரைப்பானும் கையில் படாமல் ஊற்றுவதற்காகச் செய்தது. அவள் கணவர் ஓய்வுபெற்று வரும்போது, பெட்டியிலேயே கிடந்த பழைய சரக்கு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து எண்ணெய்ப் பாட்டிலில் மாட்டிவிட்டார். டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொல்லியிருந்த சமயம். "ஒரு இழுப்புக்கு ஒரு கரண்டிதான். நீயே மனசு வச்சாலும் அதுக்கு மேல ஊத்த முடியாது" என்றார். அவள் ரெண்டு இழுப்பு இழுத்துக்கொண்டாள் என்பது வேறு கதை.

அவர் போய்ச் சில மாதங்கள் ஆகிவிட்டன. அவர் நோயில் விழுந்ததிலிருந்தே மகனும் மருமகளும் வந்து கூடவே தங்கியிருக்கிறார்கள். மருமகள்தான் சமைத்தாள், பாக்கெட் எண்ணெயில். இன்றைக்குத்தான் டொலுயீனம்மா, சும்மா உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய், மறுபடி கரண்டியைக் கையில் எடுத்தாள். எடுத்த அன்றே இப்படி.

புகை வாசனைக்கு மகன் எட்டிப் பார்த்தான். பாட்டிலை வாங்கி அவனும் இழுத்தான். அவன் முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"அப்பா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள் இதைப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருந்தாரில்ல? நான் அப்பவே நெனச்சேன்."

"என்ன நெனச்சே?"

"எதையாவது மாத்தி மாட்டியிருப்பார்மா. அந்த நேரத்துல அவருக்கு..." என்று இழுத்தான்.

"அவருக்கு என்ன?"

"ஞாபகம் சரியா இல்லம்மா. உனக்கே தெரியும். இதைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு நல்ல டப்பா வாங்கிக்கலாம்."

"மாத்தி மாட்டறதா? உங்கப்பாவா? நல்லாயிருக்குடா உன் பேச்சு" என்று பாட்டிலை அவன் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கி மேல்தட்டில் வைத்தாள். அன்றைக்குப் பாக்கெட் எண்ணெயிலேயே சமையல் நடந்தது.

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, மகன் சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. பம்ப் ஏன் சிக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆயுள் முழுக்க ஆய்வகத்தில் இருந்தவள். பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதுதான் திரவம் கசியாமல் காக்கும். திரவத்துக்கு ஒத்துவராத ரப்பரை மாட்டினால் அது அந்தத் திரவத்தையே குடித்துக் குடித்து ஊதி, பிஸ்டனைக் கழுத்தைப் பிடித்த மாதிரி பிடித்துக்கொள்ளும். இந்தப் பம்ப் சிக்கியிருக்கிறது என்றால் உள்ளே தப்பான வளையம் இருக்கிறது. தப்பான வளையத்தை அவர் மாட்டியிருக்கிறார் என்றால் மகன் சொன்னது சரி. மகன் சொன்னது சரி என்றால், ஆஸ்பத்திரியில் அவர் அவளிடம் சொன்ன வார்த்தைக்கும் அர்த்தமில்லாமல் போய்விடும். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவள் இத்தனை நாளை ஓட்டியிருக்கிறாள். அதனால் பாட்டிலைத் தொடவே பயந்தாள்.

அந்தக் காலத்தில் அவளுக்கு டொலுயீன் என்று பெயர் வைத்ததே ஆய்வகத்துக் கூட்டம்தான். மாடியில் ஜன்னலோர மேசை அவளுடையது. மேசையில் ரெண்டு பாட்டில்கள் அக்கா தங்கை மாதிரி ஒட்டி நிற்கும். ஒன்றில் டொலுயீன், இன்னொன்றில் அசிட்டோன், ரெண்டும் கரைப்பான்கள். ரெண்டின் தலையிலும் ஒரே மாதிரிப் பம்ப். அவரோ கீழ்த்தளத்துப் பட்டறையில் பம்ப் மெக்கானிக். ஸ்க்ரூடிரைவர் தண்டில் ரப்பர் வளையங்களை வரிசையாகக் கோத்துக்கொண்டுதான் நடமாடுவார். வளையக்காரர் என்றால்தான் வாசல் காவலருக்கே தெரியும்.

ரப்பர்களைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால் ஏதோ சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். "இந்தப் பழுப்பு இருக்கே, டொலுயீனோட நல்லா ஒத்துப்போவான். எண்ணெயோடயும் ஒத்துப்போவான். ஆனா அசிட்டோனுக்கும் இவனுக்கும் ஏழாம் பொருத்தம். பாத்தாலே உப்பிக்குவான்" என்பார். "கருப்பு நேர்மாறு. அசிட்டோன்ல நாள்கணக்கா கெடப்பான், அமிலத்துலயும் கெடப்பான். டொலுயீனக் கண்டாதான் ஆகாது. எண்ணெயும் ஆகாது." கருப்பிலும் ரெண்டு சாதி உண்டு என்பதுதான் தொல்லை. எண்ணெய்க்கு ஒத்துவருகிற இன்னொரு கருப்பு ரப்பரும் இருக்கிறது. ரெண்டையும் பக்கத்தில் வைத்தால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. அதனால் எண்ணெய்க்கு ஆகாத கருப்புக்கெல்லாம் பெட்டியைப் பிரித்த அன்றைக்கே வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு பொட்டு வைத்துவிடுவார். பொட்டு வைத்த வளையம் அவர் கையால் எண்ணெய்ப் பக்கம் போனதாகச் சரித்திரமே கிடையாது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. பம்பின் மூடிக்குள்ளே, திரவம் எட்டாத உலர்ந்த மேல்கம்பியில், அந்தப் பம்புக்குப் பொருத்தமான வளையம் ஒன்றை உபரியாக மாட்டிவைப்பார். அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் மூடியைத் தூக்கி எடுத்துக்கொள்ளலாம், பட்டறைக்கு ஓடிவர வேண்டாம் என்று. உள்ளே என்ன வளையமோ அதேதான் மேலேயும். ஒரே பெட்டியிலிருந்து ரெண்டாகத்தான் எடுப்பார்.

அவர் முதல் தடவை மாடிக்கு வந்தது உண்மையாகவே பம்ப் கசிந்ததற்காக. வந்தார், குனிந்து பார்த்தார், சரி செய்தார், அவள் கொடுத்த டீயைக் குடித்தார், போய்விட்டார். போனபிறகு மேசை வெறிச்சென்று இருந்தது. அதற்கப்புறம் அந்தப் பம்ப் கல்லுக்குண்டு மாதிரி வேலை செய்தது, பாவி. கெட்டுத் தொலையவே இல்லை.

டொலுயீனம்மா என்ன செய்தாள் தெரியுமா? ரெண்டு பம்பையும் கழற்றி, டொலுயீன் தலையை அசிட்டோனிலும் அசிட்டோன் தலையை டொலுயீனிலும் மாட்டிவைத்துவிட்டாள். எது எதோடு சேராது என்று படித்துப் பரீட்சை எழுதிய பெண், சேராததாகப் பார்த்துச் சேர்த்தாள். சொல்லிவைத்த மாதிரி ரெண்டும் ஊதிச் சிக்கிக்கொண்டன. உடனே போனை எடுத்து, "பம்ப் நின்னுடுச்சு. கொஞ்சம் வர்றீங்களா?" என்றாள். குரல் பச்சைப்பிள்ளை மாதிரி அவ்வளவு அப்பாவி.

அவர் வந்தார். ஊதின வளையங்களை எடுத்து ஜன்னல் கட்டையில் காயப்போட்டார். கரைப்பான் காற்றில் பறந்ததும் அவை பழையபடி சுருங்கி, ஒன்றும் தெரியாத பிள்ளைகள் மாதிரி கிடந்தன. கொஞ்ச நாளில் மறுபடி பம்ப் நின்றது. மறுபடி போன், மறுபடி டீ. அடையாளத்துக்கென்று ஒரு பம்பில் சிவப்பு நூலும் மற்றதில் பச்சை நூலும் கட்டிவிட்டுப் போனார். இவள் நூலையும் மாற்றிக் கட்டினாள்.

"பாட்டில் கழுவுற ஆளுங்கதான் தலைய மாத்தி வைக்கிறாங்க போல" என்று வாய்கூசாமல் சொன்னாள். கழுவும் அறையில் இருந்த பெரியவரை எல்லோரும் கழுவலண்ணன் என்பார்கள். அவர் பதறிப்போய் மேசைக்கே வந்துவிட்டார். "நான் அந்தப் பக்கமே போகலப்பா" என்றார். அதற்கு வளையக்காரர் தலையைக்கூடத் தூக்காமல், "விடுங்கண்ணே, உங்க மேல தப்பில்ல. பாட்டில் தானா நடந்து போயிருக்கும்" என்றார். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்ன ஒரு வெள்ளந்தி மனுஷன், எதைச் சொன்னாலும் நம்புகிறாரே என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் போகும்போது சொன்னார். "மேல்கம்பியில ஸ்பேர் போட்டிருக்கேன். மூடியத் தூக்கிப் பாத்தா தெரியும். அடுத்த தடவை நீங்களே மாத்திக்கலாம்."

"எனக்கு அதெல்லாம் வராதுங்க."

"தூக்கியாவது பாருங்களேன்."

"பயமா இருக்குங்க" என்றாள். பயமாவது ஒன்றாவது. மூடியைத் தூக்கத் தெரிந்துவிட்டால் அவர் எதற்கு மாடி ஏறி வரப்போகிறார்? அவள் கடைசிவரை தூக்கவே இல்லை. அந்த வருஷக் கடைசியில் அவரே, "இப்படி ஏறி எறங்கி எனக்கு முட்டி தேஞ்சுபோகும் போல. எங்க வீட்டுலேர்ந்து வந்து பேசச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். கல்யாணத்துக்கு அப்புறமும் வீட்டில் எந்தக் குழாய் சொட்டினாலும், எந்த மூடி இறுகினாலும், அவள் கை வைக்கமாட்டாள். "கொஞ்சம் வர்றீங்களா?" என்று ஒரு குரல், அவ்வளவுதான். பம்ப் தலையை மாற்றிய கதையை மட்டும் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் ஆயுசுக்கும் கேலி செய்வார் என்று ஒரு கூச்சம்.

அந்த வாழ்க்கையில் ஒரே ஒரு முள் உண்டு. மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த சமயம், தூரத்துத் தொழிற்சாலை ஒன்று அவரைப் பம்ப் பிரிவுக்கே தலைவராகக் கூப்பிட்டது. அவளுக்கு அப்போதுதான் ஆய்வகத்தில் பதவி உயர்ந்திருந்தது. "நீங்க போங்க, நான் மெதுவா வர்றேன்" என்று வாயால் சொன்னாள். முகம் வேறு சொல்லியிருக்கும். அவர் போகவில்லை. ஏன் என்று சொல்லவும் இல்லை. அவருக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்களெல்லாம் எங்கெங்கோ போய்ப் பெரிய ஆளானார்கள், அவர் அதே பட்டறையில் அதே ஸ்க்ரூடிரைவரோடு ஓய்வுபெற்றார். என்னால்தானே, என்னால்தானே என்று அவளுக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு சாயங்காலம் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த வேலைக்கு நான் போகாதது உன்னால இல்ல. எனக்கே இங்கதான் இருக்கணும்னு இருந்துச்சு. அதையே நெனச்சிட்டுக் கெடக்காத" என்றார். அவள் ஒரு நாளும் அவரிடம் கேட்காத கேள்விக்கு அவர் சொன்ன பதில். கேட்ட மாத்திரத்தில் எத்தனையோ காலத்துப் பாரம் இறங்கிவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம் மனுஷன். அடுத்த மூச்சில் சிரித்துக்கொண்டே, "கழுவலண்ணன் பாவம். அவர் மேல தப்பில்ல. பாட்டில் தானா நடந்து போகும்" என்றார். மகன் அவளை வெளியே கூட்டிப்போய், "அப்பா பெனாத்துறார்மா. பாட்டில் நடக்குதாம். அவர் சொல்றது எதையும் மனசுல வச்சுக்காத" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான், பாவம். ஆனால் பாட்டில் நடப்பது பிதற்றல் என்றால், அதற்கு முந்தின வாக்கியம் மட்டும் எப்படித் தெளிவாகும்? அவர் வீட்டுச் சாவியை அரிசி டப்பாவில் போட்டதும், மகனைத் தம்பி என்று நினைத்துப் பேசியதும், தெருமுனையில் நின்றுகொண்டு வழி கேட்டதும் அவளுக்கு மட்டும் தெரியாதா என்ன?

மகனும் மருமகளும் ஊருக்குக் கிளம்ப வேண்டிய வாரம் வந்தது. மருமகள் அடுப்படித் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தவள், "அத்தை, இந்த எண்ணெய்ப் பாட்டிலை என்ன பண்றது? போட்டுடலாமா?" என்று கேட்டாள்.

"கொண்டா இப்படி" என்றாள் டொலுயீனம்மா. குப்பைக்குப் போவதற்கு முன்னால் பார்த்துவிடலாம். பார்க்காமலே சந்தேகத்தோடு காலம் தள்ளுவதைவிட அது மேல்.

ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, பாட்டிலிலிருந்து கழற்றிய பம்பை அதில் நிறுத்தினாள். அவர் செய்ததைப் பார்த்தது தவிர ஆயுளில் ஒரு பம்பைக்கூட அவள் பிரித்ததில்லை. கண்ணாடிக்குழாய் சூடானதும் துணியைச் சுற்றிப் பிடித்து, மூடியின் மரையைத் திருகிக் கழற்றி, குமிழை முறுக்கி முறுக்கி இழுத்தாள். மருமகள் குழாயின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். பிஸ்டன் ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு வெளியே வந்தது.

அதன் நுனியில் ஊதி, உப்பி, தடித்துப்போய் ஒரு வளையம். கருப்பு. நகத்தால் எண்ணெயை வழித்தாள். பக்கவாட்டில் வெள்ளையாக ஒரு பொட்டு.

டொலுயீனம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். வேறு எந்தக் கருப்பாகவாவது இருந்திருக்கக் கூடாதா? அவரே கையால் பொட்டு வைத்த வளையம். எண்ணெயில் போடக் கூடாது என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்! அவரே எடுத்து எண்ணெயில் மாட்டியிருக்கிறார் என்றால், மகன் சொன்னதுதான் நிஜம். அந்த வாரம் அவர் அவராக இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசியதும் அவர் இல்லை.

"மாமா மாத்திப் போட்டுட்டாரா அத்தை?" என்று மருமகள் மெதுவாகக் கேட்டாள்.

"ஆமாம்மா. போட்டுட்டார்" என்றாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அதைத் துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல், கைப்பழக்கத்தில் பிஸ்டன் கம்பியைத் துணியால் துடைத்துக்கொண்டே போனாள். கம்பியின் மேல்பகுதி மூடிக்குள் மறைந்திருந்தது. அங்கேயும் எண்ணெய் ஏறியிருக்குமோ என்று மூடியை மேலே தள்ளினாள்.

உலர்ந்த கம்பியில், அதற்கென்று உள்ள பள்ளத்தில், ஒரு பழுப்பு வளையம் இருந்தது. துளி எண்ணெய்கூடப் படாமல் புத்தம்புதுசாக இருந்தது.

துணியைக் கீழே வைத்துவிட்டு உற்றுப் பார்த்தாள். மேலே பழுப்பு, கீழே பொட்டு வைத்த கருப்பு. உள்ளே என்னவோ அதையேதானே மேலேயும் வைப்பார்? ஒரே பெட்டியில் ரெண்டாகத்தானே எடுப்பார்? ஞாபகம் தடுமாறி எடுத்திருந்தால் ரெண்டுமே கருப்பாகவோ ரெண்டுமே பழுப்பாகவோ இருந்திருக்கும். சேராததை உள்ளேயும் சேருவதை மேலேயும் வைப்பதற்கு வேறு ஒரு தெளிவு வேண்டும். எண்ணெயில் இது ஊதும், பம்ப் நிற்கும், இவள் "கொஞ்சம் வர்றீங்களா" என்று கூப்பிடுவாள், வந்து மாற்றிக் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். வர முடியாமல் போய்விட்டால்? அதற்குத்தான் மேல்கம்பியில் பழுப்பு. இந்த ஒரு தடவையாவது மூடியைத் தூக்கித்தானே ஆகவேண்டும்.

சேராததைச் சேர்த்து ஆளை வரவழைப்பது அவளுடைய பழைய தந்திரம்தானே? அப்படியென்றால் அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. பாட்டில்களை யார் மாற்றி வைத்தது என்று ஆதியிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே மாடி ஏறியிருக்கிறார், தெரிந்துகொண்டே நூல் கட்டியிருக்கிறார், நூலை மாற்றிக் கட்டியதையும் பார்த்துவிட்டு டீ குடித்திருக்கிறார். வெள்ளந்தியாம் வெள்ளந்தி! யார் வெள்ளந்தி?

"எனக்கு முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?" என்றாள் வாய்விட்டு. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் மருமகள் பயந்துபோய்ப் புருஷனைக் கூப்பிட ஓடினாள்.

மகன் வருவதற்குள் டொலுயீனம்மா வேலையை முடித்துவிட்டாள். ஊதின கருப்பைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்தாள். கரைப்பான் என்றால் காய்ந்து சுருங்கும்; எண்ணெய் பறக்காது, இது இனிமேல் இப்படியேதான் இருக்கும் என்று தெரிந்தும் வைத்தாள். மேல்கம்பியிலிருந்த பழுப்பை உருட்டி இறக்கி, பிஸ்டனில் மாட்டி, மூடியைத் திருகி, பம்பைப் பாட்டிலில் பொருத்தினாள். முதல் தடவை என்றாலும் சரியாகத்தான் மாட்டினாள். குமிழை இழுத்தாள். எண்ணெய் வழவழவென்று ஏறியது. அழுத்தினாள். அளந்த மாதிரி ஒரு கரண்டி இறங்கியது.

"என்னம்மா ஆச்சு? ஏன் அழறே?" என்று மகன் பதறிக்கொண்டு வந்து நின்றான்.

"உங்கப்பா பெனாத்தலடா. ஆஸ்பத்திரியில சொன்னதெல்லாம் நல்லாத் தெரிஞ்சுதான் சொல்லியிருக்கார்."

"பாட்டில் தானா நடக்கும்னாரே, அதுவுமா?"

"அது என்னைக் கேலி பண்ணதுடா" என்றாள் டொலுயீனம்மா, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "பாட்டில நடத்தினது நான்தான். உக்காரு, சொல்றேன்."